பலர் புகழில் ஏத்துவர்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் வாதத் தோழர்களே, காலி வீதியின் மாலை நெரிசலைத் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"பரபரப்பாகக் கொண்டாடப்படும் நாவல்களும் மாறி மாறி வரும் இலக்கியப் போக்குகளும் வாசிப்பை வளர்க்கின்றனவா, வாசகரைச் சலிப்படைய வைக்கின்றனவா?" இதுதான் இன்றைய தலைப்பு. சலிப்படைய வைக்கின்றன என்று வாதிடும் அணியின் இரண்டாவது பேச்சாளராக நான் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி நன்றாகப் பேசினார். சைவ சித்தாந்த நூலாசிரியர் உமாபதி சிவாச்சாரியாரையே துணைக்கு அழைத்தார். "தொன்மையவாம் எனும் எவையும் நன்றாகா, இன்று தோன்றிய நூல் எனும் எவையும் தீதாகா" என்று அவருடைய ‘சிவப்பிரகாசம்’ நூலில் வரும் அடிகளைச் சொல்லி, புதியது என்பதற்காகவே புதிய நாவலை வெறுப்பவர்கள் நாங்கள் என்று ஒரு பழியையும் எங்கள்மேல் வைத்துவிட்டு அமர்ந்தார். கைதட்டலும் கிடைத்தது.

நடுவர் அவர்களே, அவர் அந்தப் பாடலைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியையும் கேட்டால் அது யார் பக்கம் நிற்கிறது என்பது தெரியும். நூலைத் தாமே ஆராய்ந்து ஏற்பவர்களைப் பற்றிச் சொன்ன பிறகு, ஆராய்ந்து அறிய இயலாதவர்களுக்கு வருகிறார் உமாபதியார். அவர்கள் என்ன செய்வார்களாம்? "பலர் புகழில் ஏத்துவர், ஏதிலர் உற்று இகழ்ந்தனரேல் இகழ்ந்திடுவர், தமக்கென ஒன்று இலரே." பலர் புகழ்ந்தால் தாமும் புகழ்வார்கள், யாரோ இகழ்ந்தால் தாமும் இகழ்வார்கள், தமக்கென்று ஒரு கருத்து அவர்களிடம் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரிகள் இவை. என் அணியின் வாதம் முழுவதும் இந்தக் கடைசி அடிக்குள் அடங்கியிருக்கிறது. பரபரப்பு வாசகனுக்குச் செய்யும் பெருந்தீங்கு, அவனுக்கென்று இருந்த ஒன்றை அவனிடமிருந்து எடுத்துக்கொள்வதுதான். அவன் முதற்பக்கத்தைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதி முடிந்துவிடுகிறது.

சலிப்பு யாருக்கு வருகிறது என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். வாசிக்காதவருக்கு அது வராது. புத்தகமே நுழையாத வீட்டில் எந்த நாவலைக் கொண்டாடினால் என்ன, எதைக் கைவிட்டால் என்ன? ஒவ்வொரு முறையும் நம்பிப் பணம் கொடுத்து வாங்கி, இரவில் கண்விழித்துப் படித்து, நூறாம் பக்கத்தில் ஏமாந்தவர்தான் சலித்துப்போகிறார். இதைச் சோம்பல் என்றும் பொறாமை என்றும் எதிரணியினர் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அனுபவப்பட்ட ஒரு வாசகரின் தீர்ப்பு அது. அதற்குரிய மரியாதையை அதற்குக் கொடுக்க வேண்டும்.

மாசி, பங்குனி மாதங்களில் இதே காலி வீதியிலுள்ள ஒரு புத்தகக் கடைக்குள் போய்ப் பாருங்கள். சென்னைப் புத்தகக் காட்சி முடிந்து பெட்டிகள் கொழும்பில் வந்து இறங்கியிருக்கும். வாசலுக்கு நேரே உள்ள மேசையில் புதிய நாவல்களை அடுக்கியிருப்பார்கள். ஒன்றை எடுத்துப் பின்னட்டையைத் திருப்புங்கள். கதை எங்கே நடக்கிறது, யாரைப் பற்றியது என்று ஒரு வரி இருக்காது. தமிழ் நாவலின் திசையையே மாற்றிய படைப்பு என்று இருக்கும். அடுத்ததை எடுங்கள். இந்த நூற்றாண்டின் மகத்தான நாவல் என்று இருக்கும். அதற்கடுத்ததிலும் ஏறக்குறைய அதே சொற்கள். புகழ்ந்தவர் யார் என்று பார்த்தால், அவருடைய நாவலும் அதே மேசையில் கிடக்கும். அதன் பின்னட்டையில் இவர் அவரைப் புகழ்ந்திருப்பார். நூற்றாண்டில் கால் பங்குதான் கழிந்திருக்கிறது நடுவர் அவர்களே. மீதி முக்கால் பங்கில் எழுதப் போகிறவர்களுக்கு என்ன பட்டத்தை மிச்சம் வைத்திருக்கிறோம்?

விலையையும் பாருங்கள். இந்திய விலை 500 ரூபா என்று அச்சிட்ட நூல் இங்கே இரண்டாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகளைக்கூடத் தள்ளிவைத்த நாடு இது. இங்கே ஓர் ஆசிரியையோ ஓர் எழுதுவினைஞரோ மாதச் செலவில் மிச்சம் பிடித்து ஒரே ஒரு நாவல் வாங்குகிறார். அந்த ஒரு நூலை அவர் தெரிவு செய்வது பின்னட்டையை நம்பித்தான். அங்கே ஒரு பொய் எழுதப்பட்டிருந்தால் அந்த மாதத்து வாசிப்பே வீணாகிவிடுகிறது. இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாம் முறை அவர் கடைக்கு வரமாட்டார். எதிரணியினர் வளர்கிறது என்று சொல்லும் வாசிப்பிலிருந்து இப்படித்தான் ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள்.

பின்னட்டைப் புகழ் நேற்று முளைத்ததல்ல. 1855இல் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் தம் முதற் கவிதை நூலை வெளியிட்டபோது, அப்போதே புகழ்பெற்றிருந்த எழுத்தாளர் எமர்சன் அவரைப் பாராட்டித் தனிப்பட்ட கடிதம் ஒன்று எழுதினார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பின் முதுகில், எமர்சனிடம் அனுமதிகூடக் கேட்காமல், அந்தக் கடிதத்தின் ஒரு வரியைப் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டார் விட்மன். தம் நூலுக்குத் தாமே பெயர் போடாமல் மதிப்புரைகளும் எழுதினார். விட்மன் பெருங்கவிஞர்தானே என்று எதிரணி கேட்கும். பெருங்கவிஞர்தான். அவரைப் பெருங்கவிஞர் ஆக்கியது அந்தப் பொன்னெழுத்தா? அவர் நூலைத் திறந்து படித்த தலைமுறைகள் அல்லவா? இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பதிப்புத்துறைக்கே இன்று களைப்பு வந்துவிட்டது. 2025 ஜனவரியில் சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற பெரிய அமெரிக்கப் பதிப்பகத்தின் வெளியீட்டாளர், தம் எழுத்தாளர்கள் இனிப் புகழுரை தேடிக்கொண்டு வரவேண்டிய கட்டாயமில்லை என்று அறிவித்தார். இந்த வழக்கம் திறமையைவிடத் தொடர்புகளுக்கே பலன் தருகிறது என்பது அவர் சொன்ன காரணம். புகழை விற்றுப் பிழைத்த துறையே அப்படிச் சொல்லும்போது, வாங்கிப் படித்த எங்களுக்குச் சலிக்கக் கூடாதா?

விற்பனைப் பட்டியலைக் காட்டினார்கள். ஒரு நாவல் அமெரிக்காவில் முதலிடம், இத்தனை வாரங்கள் பட்டியலில் இருந்தது, ஆகவே மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றார்கள். அந்தப் பட்டியலின் கதை இவர்களுக்குத் தெரியுமா? 1983இல் வில்லியம் பீட்டர் பிளாட்டி என்ற நாவலாசிரியர், நன்றாக விற்ற தம் புதிய நாவலைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைமீது வழக்குப் போட்டார். பட்டியல் என்பது வெறும் எண்ணிக்கைக் கணக்கல்ல, அது ஆசிரியபீடத்தின் ஆக்கம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது பத்திரிகை. வழக்கிலும் பத்திரிகையே வென்றது. 2017இல் இன்னொன்று நடந்தது. யாரும் கேள்விப்பட்டிராத ஓர் இளையோர் நாவல் திடீரென்று அதே பத்திரிகையின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. கடைகளில் மொத்தமாக வாங்கிக் குவித்தே அந்த இடத்தைப் பிடித்தார்கள் என்ற சந்தேகத்தை வாசகர்களும் எழுத்தாளர்களும் கிளப்பினார்கள். ஒரு நாள் ஆவதற்குள் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். எதிரணியினர் மக்கள் தீர்ப்பு என்று தூக்கிப்பிடிக்கும் பட்டியல் இதுதான்.

சரி, நேர்மையாகவே கோடிக்கணக்கில் விற்றது என்று வைத்துக்கொள்வோம். அதனால் என்ன நிலைத்தது? இந்த அவையில் உள்ளவர்களிடம் வின்ஸ்டன் சேர்ச்சில் என்றால் யார் என்று கேட்டால், பிரித்தானியப் பிரதமர் என்பீர்கள். 1899இல் கேட்டிருந்தால் விடை வேறு. அப்போது அமெரிக்காவில் வின்ஸ்டன் சேர்ச்சில் என்ற பெயரில் ஒரு நாவலாசிரியர் இருந்தார். அவருடைய நாவல்கள் ஆண்டுக்கு ஆண்டு விற்பனையில் முன்னணியில் நின்றன. இளைஞராக இருந்த பிரித்தானிய சேர்ச்சில் அவருக்குக் கடிதம் எழுதினார். வாசகர்கள் இருவரையும் குழப்பிக்கொள்ளாதிருக்க, தம் நூல்களில் நடுப்பெயரையும் சேர்த்து வின்ஸ்டன் ஸ்பென்சர் சேர்ச்சில் என்று போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அந்த அளவுக்குப் புகழ்பெற்றவராக இருந்தார் அந்த அமெரிக்கர். இன்று அவருடைய ஒரு நாவலின் பெயரை இந்த மண்டபத்தில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அதே அமெரிக்காவில் 1851இல் ஹெர்மன் மெல்வில் ‘மொபி டிக்’ நாவலை வெளியிட்டார். அது விற்கவில்லை. 1891இல் அவர் இறந்தபோது உலகம் அவரை ஏறக்குறைய மறந்திருந்தது. 1920களில்தான் வாசகர்கள் அவரைத் தேடிப்போய்க் கண்டெடுத்தார்கள். கூச்சல் நல்ல நூலைச் சுட்டிக்காட்டும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் மெலிவாகத்தான் இருக்கிறது.

இனிப் போக்குகளுக்கு வருகிறேன். ஒரு நூல் வெற்றி பெற்றால் அதே அச்சில் இருபது வரும். சுவீடன் எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் தம் நாவலுக்குப் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’ என்று பெயர் வைத்திருந்தார். சமூகத்தைப் பார்த்து விரல் நீட்டிய தலைப்பு. 2008இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதை மாற்றி, பச்சை குத்திய ஒரு பெண்ணைத் தலைப்பில் முன்னிறுத்தினார்கள். நூல் உலகெங்கும் விற்றது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஆங்கிலத் திகில் நாவல்களின் தலைப்பெல்லாம் ‘அந்தப் பெண்’, ‘இந்தப் பெண்’ என்றே வந்துகொண்டிருந்தன. கொலை, காணாமற்போதல், பொய் சொல்லும் கதைசொல்லி. மூன்றாவது நூலைத் திறக்கும்போதே முடிவு வாசகனுக்குத் தெரிந்துவிடும். முடிவு தெரிந்த மர்மக் கதையைப் படிக்கிறவனுக்குச் சலிக்காமல் வேறென்ன செய்யும்?

இது வெள்ளைக்காரரின் வியாபாரம், எங்களுக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். எங்கள் நாட்டிலும் போக்குகள் அலையலையாக வந்திருக்கின்றன. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவானது. ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்வும் அவர்களின் பேச்சும் இலக்கியத்துக்குள் வரவேண்டும் என்று அது போராடியது. நியாயமான போராட்டம், நான் அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த அலையில் மண்வாசனை, மண்வாசனை என்று சொல்லிக்கொண்டு, வட்டார வழக்கை அள்ளித் தெளித்து எழுதப்பட்ட எத்தனையோ கதைகள் இன்று பெயரில்லாமல் போய்விட்டன. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வந்தது, இன்றும் நிற்கிறது. எதிரணியினர் இதைத்தான் போக்கின் வெற்றி என்பார்கள். டானியல் அந்த ஒடுக்கப்பட்ட சனங்களில் ஒருவர். அந்த அடியை முதுகில் வாங்கியவர். போக்கு என்ற ஒன்று இல்லாவிட்டாலும் அந்த நாவல் எழுதப்பட்டிருக்கும். போக்கு இருந்ததால் மட்டும் எழுதப்பட்டவைதான் காணாமற் போயின.

இப்போது நான் சொல்ல வருவது எங்களுக்கு வலிக்கும் இடம். ஆனாலும் சொல்ல வேண்டும்.

2009க்குப் பிறகு எங்கள் போர் ஓர் இலக்கியப் போக்காகிவிட்டது. எங்கள் சாவு ஒரு சந்தைப் பிரிவாகிவிட்டது. நான் அந்தப் போரைப் பற்றி எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் நூறு ஆண்டுகளுக்கு எழுதினாலும் அது தீராது. அந்தக் கடலோர மணலில் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயின் கதையை, அவள் சொல்லக்கூடிய விதத்தில், ஒருவர் எழுதினால் நான் என் வாழ்நாள் முழுவதும் அந்த நூலைக் கையில் வைத்திருப்பேன். அப்படிப்பட்ட நூல்கள் சில வந்திருக்கின்றன, அவற்றை வாசித்துத் தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆனால் அவற்றின் பின்னால் வந்தவை? அட்டையைப் பார்த்தாலே தெரியும். முறிந்த பனை, முட்கம்பி, செம்மஞ்சள் வானம், ஒரு காகம். உள்ளே ஒரு பதுங்குகுழி, ஒரு சோதனைச் சாவடி, ஆட்களைக் கடத்தும் ஒரு வெள்ளை வான், ஒரு தடுப்பு முகாம். எல்லாம் நடந்தவைதான், எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையை வரிசைப்படுத்தி அடுக்கினால் மட்டும் நாவல் ஆகிவிடாது. அதில் வரும் பெண்ணுக்கு ஒரு முகம் இல்லை, ஒரு பிடிவாதம் இல்லை, அவளுக்குப் பிடித்த கறி என்னவென்று எழுதியவருக்கே தெரியாது. அவள் சாவதற்காகவே கதைக்குள் கொண்டுவரப்படுகிறாள். பின்னட்டையில் மட்டும் ‘உலகின் மனச்சாட்சியை உலுக்கும்’ என்று இருக்கும். அந்தச் சாவுகளைப் பார்த்த ஒருவர், எங்கள் வீட்டிலேயே இருக்கும் ஒருவர், இத்தகைய ஒரு நாவலைப் பாதியில் மூடிவைத்துவிட்டு, "இது எங்களைப் பற்றினதே இல்லை" என்றார். அவருக்கு வந்ததும் சலிப்புத்தான், நடுவர் அவர்களே. அதைப் பொறுமையின்மை என்று எதிரணி சொல்லுமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் இளம் எழுத்தாளர், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதும் மனிதரைப் பற்றி நாவல் எழுதினார். வெங்காய மூட்டையின் ஈரம் காயும்போது எடை எவ்வளவு குறையும், அந்தக் குறைவை யார் தலையில் கட்டுவார்கள், ஐந்தாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் வண்டியை எந்தக் கோணத்தில் திருப்புவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நான் கையெழுத்துப் பிரதியில் வாசித்தேன். கடல் கடந்த ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். "இலங்கையிலிருந்து எழுதுகிறீர்கள், இதில் போர் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு போக்கு இப்படித்தான் வேலை செய்கிறது. எழுதப்பட்டதைப் பெருக்கிக் காட்டுவதோடு அது நிற்பதில்லை, எழுதப்பட வேண்டியதையும் வாசலிலேயே மறித்துவிடுகிறது. கொழும்புத் தமிழன் தன் தெருவை ஒரு நாவலில் பார்க்க எத்தனை காலம் காத்திருப்பது?

சந்தை தானாக எதையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு எங்கள் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் காலத்தில் வீரகேசரி பத்திரிகை நிறுவனத்தின் பிரசுரங்களாக எங்கள் நாட்டு நாவல்கள் வரிசையாக வெளிவந்தன. சனங்கள் வாங்கினார்கள், பஸ்ஸில் வாசித்தார்கள், கைமாற்றினார்கள். 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, இந்தியச் சஞ்சிகைகள் வந்து குவிந்தன, அந்த நாவல் வரிசை தளர்ந்துபோனது. வாசகரின் ரசனை அதற்குள் அடியோடு மாறிவிட்டதா? கடை மேசையில் வைக்கப்பட்டது மாறியது. நான் இறக்குமதித் தடை கேட்கவில்லை. எங்களுக்குப் பிடித்ததைத்தான் எங்கள்முன் வைக்கிறார்கள் என்ற கதையை மட்டும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

எங்கள் நூல் வெளியீட்டு விழாக்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த நகரில் வார இறுதியில் ஏதாவது ஒரு மண்டபத்தில் ஒரு வெளியீடு நடக்கிறது. மங்கள விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், வெளியீட்டுரை, முதற்பிரதி, அதன்பின் சிறப்புப் பிரதி பெறுவோரின் நீண்ட வரிசை. ஒவ்வொருவரும் கடித உறையோடு மேடையேறி, நூலைப் பெற்று, புகைப்படத்துக்கு நின்றுவிட்டு இறங்குகிறார்கள். எழுத்தாளர் கடன்பட்டு அச்சிட்ட நூல் அது. அந்த உறைகளால்தான் அச்சகக் கடன் அடைகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன், இந்தச் சமூகம் தன் எழுத்தாளரைத் தாங்கிப்பிடிக்கும் அழகான வழி அது. என் குறை நயவுரையில் இருக்கிறது. நயவுரை செய்பவரின் கையில் உள்ள பிரதியைப் பாருங்கள். முன்னுரைப் பக்கங்களில் மட்டும் அடிக்கோடு இருக்கும். அதற்குப்பின் தாள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கும். அவர் அணிந்துரையில் உள்ளதையே திருப்பிச் சொல்லி, இந்த நாவல் ஈழத்து இலக்கியத்தில் ஒரு மைல்கல் என்று முடிப்பார். அடுத்த ஞாயிறு வேறொரு நூலுக்கும் அதே மைல்கல். எழுத்தாளர் மேடையில் பூரித்து உட்கார்ந்திருப்பார். ஆறு மாதம் கழித்து யாராவது வாசித்தார்களா என்று தேடுவார். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்கள். பொய்ப் புகழ் வாசகரை மட்டும் ஏமாற்றுவதில்லை. எட்டு ஆண்டு உழைத்து எழுதிய ஒரு மனிதர், ‘உன் மூன்றாம் அத்தியாயம் நொண்டுகிறது’ என்ற ஒரே ஓர் உண்மையான சொல்லுக்காகக் காத்திருக்கிறார். அதைச் சொல்ல யாருமில்லாமல் அவரைத் தனியே விட்டுவிடுகிறோம். எனக்கு இதைவிட வருத்தம் தரும் விடயம் வேறில்லை.

எதிரணித் தலைவர் புக்கர் பரிசைக் காட்டினார். 2022இல் எங்கள் நாட்டு எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக்க தம் ஆங்கில நாவலுக்காக அந்தப் பரிசை வென்றார், கொழும்பின் கதை உலகத்துக்குப் போனது, கொண்டாட்டம் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்டார். நான் அந்த நாவலை நேசிக்கிறேன். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த நாவலின் முந்தைய வடிவம் 2020இலேயே இந்தியாவில் வேறொரு தலைப்பில் வெளிவந்துவிட்டது. மேற்கத்தைய வாசகருக்குப் புரியாது என்று வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் தயங்கினார்கள். ஒரு சிறிய இலண்டன் பதிப்பகம் எடுத்துக்கொண்டது, ஆசிரியர் திருத்தி எழுதினார், பரிசு வந்தது. 2020க்கும் 2022க்கும் இடையே, எங்கள் தெருக்களில் நடக்கும், எங்கள் ஊர்ப் பிணங்கள் பேசும் அந்த நாவலைப் பற்றிக் கொழும்பில் எத்தனை பேர் வாய்திறந்தோம்? இலண்டனில் ஐந்து நடுவர்கள் சொல்லும்வரை காத்திருந்தோம். பரிசு கிடைத்த மறுநாள் எல்லோரும் வாசித்தவர்களானோம். பலர் புகழில் ஏத்துவர் என்று உமாபதியார் பாடியது இதைத்தான். அந்த நாவலுக்குக் கிடைத்த புகழ் நியாயமானது. நாங்கள் கொடுத்த விதம்தான் நியாயமில்லை.

அப்படியானால் ஒரு நூலை எப்படித்தான் வாசகரிடம் கொண்டுபோவது என்று கேட்பீர்கள். ஒரு மனிதர் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். டொமினிக் ஜீவா. 1966இல் யாழ்ப்பாணத்தில், சிகையலங்கார நிலையத்தில் இருந்தபடியே, ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார். பின்னர் கொழும்புக்கு வந்து ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது வந்தது. இதழைக் கையில் சுமந்துகொண்டு போய் வாசகரிடம் நேரிலேயே விற்றார். அதுவும் விளம்பரம்தானே என்று எதிரணியிலிருந்து யாரோ சொல்கிறார்கள். இல்லை ஐயா. அவர் அடுத்த மாதமும் அதே வாசகரின் முகத்தில் விழிக்க வேண்டும். சென்ற இதழில் வந்த கதை எப்படி என்று கேட்பார், நன்றாயில்லை என்றால் அதையும் கேட்டுக்கொண்டுதான் புதிய இதழை நீட்டுவார். நல்லதை மட்டுமே நல்லது என்று சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. பின்னட்டையும் முப்பது வினாடிக் காணொளியும் திரும்பி வந்து எங்களை எதுவும் கேட்பதில்லை. விற்றவுடன் அடுத்த நூலுக்குப் போய்விடும்.

பிள்ளைகள் வாசிக்கத் தொடங்குகிறார்களே என்ற வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ படமாக 2022இல் வந்தபோது ஐந்து பாகங்களையும் வாங்கிக்கொண்டு போன பிள்ளைகளை நானும் பார்த்தேன், மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை ஐந்தாம் பாகத்தை முடித்துவிட்டு வந்தபோது அவளுக்கு என்ன கொடுத்தோம்? அதே குதிரை, அதே வாள், அதே சதியோடு அவசரமாக எழுதப்பட்ட சரித்திர நாவல்களை மேசையில் அடுக்கினோம். அனுராதபுரத்து வீதிகளில் வந்தியத்தேவன் நடந்த அத்தியாயங்களைப் படித்துவிட்டு, அந்த ஊரைப் பற்றி வேறு என்ன வாசிக்கலாம் என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பின்னட்டையிலும் பதில் இல்லை. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே அவளை அழைத்துப்போக ஒரு மனிதர்தான் தேவைப்பட்டார்.

நடுவர் அவர்கள் மணியடித்துவிட்டார். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். ‘கட்டாயம் வாசிக்க வேண்டிய நாவல்’ என்று சென்ற ஆண்டு நீங்கள் முகநூலில் எழுதியவற்றுள் எதை வேண்டுமானாலும் நீங்களே தெரிவு செய்யுங்கள். அதில் எந்தப் பாத்திரம் உங்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது, எந்த இடத்தில் ஆசிரியரோடு உங்களுக்குச் சண்டை வந்தது, எந்த அத்தியாயத்தை நீங்கள் திரும்பவும் போய் வாசித்தீர்கள் என்று இந்த அவைக்குச் சொல்லுங்கள். பின்னட்டையில் இல்லாத வார்த்தைகளில் சொல்லுங்கள். அதற்கு நேரம் போதாவிட்டால், தொகுப்புரைக்கென்று எங்கள் அணிக்குத் தரப்படும் நேரத்தில் என் பங்கை உங்களுக்கு விட்டுத்தருகிறேன். வணக்கம்.